பகல்ல தூங்க அஞ்சு சென்ட்டு

“நீங்க தேடல சார், அதனால கெடைக்கல. அம்புட்டுதான். கெடைக்கவே கெடைக்காதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

போன வருசம் பங்குனி மாசம், எங்க காம்பவுண்டு கொழாயடியில கொடத்த வச்சுக்கிட்டு நான் தங்கராசு சாருக்குச் சொன்ன பதிலு இது. அவரு எங்களுக்கு அடுத்த போர்சன். ரிட்டயர்டு ஆன மனுசன். பேப்பர்ல வர்ற மனை வெளம்பரத்தப் பூரா பேனாவால கோடு போட்டு வாசிப்பாரு, ஒரு எடத்தையும் நேர்ல போயிப் பாத்தது கெடையாது. ரிங் ரோடு வந்த பெறகு மதுரையச் சுத்தி நம்மள மாதிரி ஆளுக வாங்குற வெலையில எடமே இல்ல, அதுலயும் சத்தமில்லாத எடம் வேணும்னா சொர்க்கத்துலதான் இருக்கும், அங்கயும் இந்நேரம் பிளாட் போட்டுருப்பாய்ங்கன்னு அவரு பேசுனாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் ஏழு வருசமா நெலத் தரகு பாக்குறவ. இந்தத் தொழிலே ஒரு மாதிரிதான்: ஊருல உள்ளவுகளுக்கெல்லாம் எடம் காட்டுவோம், சாயங்காலம் வாடக வீட்டுக்குத் திரும்பி வந்து சோறு பொங்குவோம்.

அதுக்கு முந்தி இருவது வருசம் தவணைக்குச் சேலை வித்தேன். மேலூர்லருந்து கல்லுப்பட்டி வரைக்கும் மூட்டையத் தூக்கிட்டு நடந்தவ. எந்த ஊருல எந்த வீட்டு நாயி கடிக்கும், எந்த வீட்டு நாயி கொலைக்க மட்டும் செய்யும்னு இன்னைக்கும் சொல்லுவேன். பெறகு புள்ளைக எல்லாம் போன்லயே சேலை எடுக்க ஆரம்பிச்சிட்டாளுக, என் மூட்டை எறங்கவே இல்ல. அப்பத்தான் முத்தையா அண்ணன், இத்தன ஊரு தெரிஞ்சவ சும்மா ஒக்காந்திருக்கலாமான்னு தரகுக்குக் கூப்புட்டாரு. அவரு மாட்டுச் சந்தையில தரகு பாத்துட்டு இங்கிட்டு வந்தவரு. மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரியே மண்ணையும் கையில அள்ளி மோந்து பாப்பாரு. அவரு மொபெட்டுல பின்னாடி ஒக்காந்துதான் நான் ஊரு ஊராப் போறது.

சரி, எனக்கு எதுக்கு எடம்னு கேப்பீங்க. எம் மக செல்வி ஒரு ஆஸ்பத்திரியில நர்சு. ராத்திரி டூட்டின்னா கூடக் கொஞ்சம் வருதுன்னு அதையே கேட்டு வாங்கிக்கிட்டா. காலையில எட்டரைக்கு வந்து படுப்பா. ஒம்பது மணிக்குக் கீழ கிரில் பட்டறையில இரும்பு அறுக்க ஆரம்பிச்சிருவாய்ங்க. காதுல பஞ்சு வச்சுப் பாத்தா, சன்னல்ல மெத்தையக் கட்டிப் பாத்தா, ஒண்ணும் ஆகல. எம் பேத்திக்கு ஆறு வயசு. அம்மா தூங்குதுன்னு சொல்லிச் சொல்லி, அது வெளையாடுறப்பக்கூட கிசுகிசுன்னுதான் பேசும். பள்ளிக்கூடத்துல டீச்சரு, புள்ளைக்குத் தொண்டையில எதுவும் கோளாறான்னு கேட்டுவிட்டாக. அந்த மாசி மாசம் டூட்டி முடிஞ்சு வர்ற வழியில செல்வி சிக்னல்ல ஸ்கூட்டிய நிறுத்துனவ அப்படியே தூங்கிட்டா. வண்டியோட சாஞ்சு தாடையில நாலு தையலு. பச்ச லைட்டு விழுந்து பின்னாடி நின்ன லாரி எடுத்துருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் இன்னைக்கு வரைக்கும் முழுசா நெனைச்சுப் பாக்கல.

அன்னைக்கு முடிவு பண்ணேன். ராத்திரி அமைதி எல்லா ஊருலயும் இருக்கு, அது எனக்கு வேணாம். பகல்ல அமைதியா இருக்குற ஒரு எடம், எங்க கையில இருக்குறதுக்குள்ள. கையில என்னா இருந்துச்சு, செல்வி நகைய வித்ததும் நான் சீட்டு எடுத்ததும். ரிங் ரோட்டுக்கு உள்ள அதுக்கு ஒரு குளியலறை கட்டுற எடம்கூட வராது. எடம் தேடித் தேடிச் செருப்பு தேஞ்ச அம்புட்டுப் பேரும் நம்ம சனம்தான், கேளுங்க, என்னென்ன நடந்துச்சுன்னு.

ஞாயித்துக்கெழம காட்டுன எடம்

மேலூர்ப் பக்கம் ஒரு ஊருல ரெண்டு மனை ஒட்டுனாப்புல வெலைக்கு வந்துச்சு. ஒண்ண ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு முடிச்சுக் குடுத்துட்டு இன்னொண்ண நானே எடுத்துக்கிரலாம்னு எனக்குள்ள ஒரு நெனப்பு. வாத்தியாரும் டீச்சரம்மாவும் லீவு நாளுன்னு ஞாயித்துக்கெழம வந்தாக. என்னா அமைதிங்குறீங்க. வயலு, வாய்க்கா, கொக்கு. டீச்சரம்மா செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வரப்புல நடந்து பாத்துட்டு, இங்க வந்தா என் பிரஷர் மாத்திரைய நிறுத்திருவேன்னாக. நானும் ஒரு வேப்பங்கன்னு எங்க வைக்கலாம்னு எடம் பாத்துட்டு வந்தேன்.

முன்பணம் குடுத்து, அடுத்த வாரம் திங்கக்கெழம நல்ல நேரத்துல எல்லைக் கல்லு ஊணப் போனோம். வாத்தியாரு தேங்கா ஒடைக்கக் கைய ஓங்குறாரு, பின்னாடி இருந்த குன்றுக்கு அங்கிட்டு வெடி போட்டாய்ங்க பாருங்க. தட்டுல இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு வாய்க்காலுக்குள்ள விழுந்துருச்சு. பெறகு பாத்தா அங்க கல் குவாரி இருக்கு, ஞாயித்துக்கெழம மட்டும் அதுக்கு லீவு. நாங்க தரகருக அம்புட்டுப் பேரும் பண்ற தப்பு இதுதான். வாங்குறவுகளுக்கு அன்னைக்குத்தான் லீவு, அதனால நாங்க எடம் காட்டுறதும் அன்னைக்குத்தான். குவாரிக்கும் லீவுன்னு எவனுக்கும் தோணல. அன்னையிலருந்து ஒரு எடத்த மூணு தடவ பாக்குறதுன்னு வச்சிக்கிட்டேன்: வேலை நாள்ல ஒருக்க, மழை பேஞ்ச மறுநா ஒருக்க, கொஞ்ச நாள் விட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போயி ஒருக்க. வித்தவுக கையக் காலப் புடிச்சு முன்பணத்த வாங்கிக் குடுத்துட்டேன். டீச்சரம்மா திட்டல. ஆட்டோவுல ஏறுறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேட்டாக:

“ஞாயித்துக்கெழம மட்டும் குடியிருக்குற மாதிரி வீடு கட்டித் தருவீங்களாம்மா?”

மாட்டப் பழக்குறாக

அடுத்தது அலங்காநல்லூர்ப் பக்கம். தென்னந்தோப்ப ஒட்டி ஒரு சின்ன மனை. மொதத் தடவ புதன்கெழம போயி அர நாள் ஒக்காந்தேன், தேங்கா விழுந்த சத்தம் ஒண்ணு கேட்டுச்சு, அம்புட்டுதான். ரெண்டாந்தடவ மழை பேஞ்ச மறுநா போனேன், தண்ணி நிக்கல. பக்கத்து வீட்டுல ஒரு காளை கட்டிக் கெடந்துச்சு. என்னா அழகு. கொம்பச் சீவி, கழுத்துல சலங்க கட்டி. எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப, ஒரு தடவ இப்படி ஒரு மாட்டப் பாத்துக்கிட்டே நடந்து போயி வாய்க்கால்ல விழுந்தாரு, புது வேட்டியோட. அந்தக் கதைய விடுங்க.

மூணாந்தடவ கார்த்திகையில போறேன், தோப்புக்கு வெளியவே பாட்டுச் சத்தம் கேக்குது. உள்ள போனா காளைக்கு முன்னாடி ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, ரெண்டு பேரு கொட்டடிக்கிறாக, ஏழெட்டு எளவட்டம் விசிலடிக்குது. நடுவுல மாடு பாட்டுக்கு வைக்கோல் திங்குது. வாடிவாசல்ல கூட்டத்தப் பாத்து மெரண்டுறக் கூடாதுல்ல, அதுக்கு இப்பவே சத்தத்துக்குப் பழக்குறாகளாம். தைப் பொங்கல் வரைக்கும் தெனமும், பெறகு ஆவணியில திரும்ப ஆரம்பம். மாட்டுக்காரத் தம்பி தங்கமான புள்ள. நான் செல்வி கதையச் சொன்னதும் அதுக்கே சங்கடமாப் போச்சு. பாட்ட நிறுத்திட்டு, ரெம்ப யோசிச்சு, எனக்காக ஒரு வழி சொல்லுச்சு:

“மாடு மத்தியானம் ஒண்ணுலருந்து மூணு வரைக்கும் தூங்கும் அப்பத்தா, அந்நேரம் ஒங்க மகளையும் தூங்கச் சொல்லுங்க.”

எந்தத் தெரு

இதச் சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன். செல்விதான் சொல்லும்மான்னா.

மேற்க ஒரு ஊரு. பேரு வேணாம். வயசானவரு, பெரிய வீடு, பின்னாடி சும்மா கெடந்த மனைய விக்கிறாரு. வெலையும் நமக்கு எட்டுற வெலை. மூணு தடவையும் பாத்துட்டேன், ஒரு சத்தம் இல்ல. முத்தையா அண்ணனும் நானும் பேசி முடிக்கலாம்னு போனோம். நாக்காலி போட்டாரு. உள்ள காப்பி போடுற வாசம் வருது. எனக்குச் சொந்த ஊரு எதுன்னு கேட்டாரு, சொன்னேன். அந்த ஊருல எந்தத் தெருன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன், எதுக்கு மறைக்கணும். அதுக்குப் பெறகு அவரு பேச்சு மாறிப்போச்சு. பையன் வெளிநாட்டுல இருக்கான், அவனைக் கேக்கணும்னாரு. மழை வருமான்னாரு. அந்தக் காப்பி வெளிய வரவே இல்ல.

எங்க தாத்தா அடுத்தவுக வயல்லதான் நாத்து நட்டாரு, எங்க அப்பாவும் அப்படித்தான். பட்டான்னு ஒரு காயிதத்துல எங்க தெருக்காரவுக பேரு இருந்து நான் பாத்தது கெடையாது. மதுரைக்கு வந்து நாப்பது வருசத்துல யாரும் எங்கிட்ட தெருவக் கேட்டதில்ல, கதவு நம்பரத்தான் கேட்டாக. நான் அழுகல. எந்திரிச்சு வந்து வண்டியில ஒக்காந்துக்கிட்டு, அடுத்து எந்த ஊருண்ணேன்னு கேட்டேன். முத்தையா அண்ணன் அந்தப் பெரியவருக்குச் சொந்தக்காரரு மொறைதான். ரெண்டு மைலு தாண்டி ஒரு புளியமரத்தடியில வண்டிய நிறுத்துனாரு. மொகத்தத் துண்டால தொடச்சுக்கிட்டுச் சொன்னாரு:

“அம்புட்டு வருசம் சந்தையில மாடு வித்தேன் தாயி, ஒரு மாட்டப் பாத்தும் எந்தத் தெருன்னு எவனும் கேட்டதில்ல.”

மயிலுக்குப் பட்டா

தை மாசம் ஒரு தம்பி வந்துச்சு. கம்ப்யூட்டரு வேலை. வீட்டுலருந்தே பாக்கலாமாம், நாளு பூரா மீட்டிங்காம், அதனால குண்டூசி விழுந்தாக் கேக்குற எடமா வேணும்னுச்சு. நான் கல்லுப்பட்டி போற ரோட்டுல உள்ள தள்ளி ஒரு கரிசக்காட்டு ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். ராமசாமின்னு ஒருத்தரோட அஞ்சு சென்ட்டு, நத்தம் மனை. புதுசா எடம் தேடுறவுக இத நல்லாக் கேட்டுக்கங்க: காட்டக் கூறு போட்டுக் கல்லு ஊணி மனைன்னு விப்பாய்ங்க, வெலை சல்லிசா இருக்கும், பத்திர ஆபீசுக்குப் போனாத் திருப்பி அனுப்பிருவாக. நத்தம்னா ஊருக்குள்ள வீடு கட்டன்னே விட்ட நெலம். வெலை கொஞ்சம் கூடத்தான், ஆனா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். செல்விக்குன்னா பகல்ல.

அந்தத் தம்பி போன எடுத்து நீட்டுச்சு. அதுல சத்தத்த அளக்குறதுக்கு ஒண்ணு வச்சிருக்கு. ஒரு மூலையில அளந்துச்சு, அடுத்த மூலையில அளந்துச்சு, மொகம் மலந்துக்கிட்டே வருது. மூணாவது மூலைக்குப் போறப்ப வேலி மேல ஒரு மயிலு ஏறி அகவுச்சு பாருங்க. போனு கையிலருந்து விழுந்துருச்சு. அது கத்துனதும் காட்டுக்குள்ள இருந்து இன்னும் நாலு பதில் சொல்லுது. தம்பி போனப் பொறுக்கித் தொடச்சிட்டு, கோவமாக்கூட இல்ல, ஆபீசுல கேக்குற மாதிரி மரியாதையாக் கேட்டுச்சு:

“மேடம், இந்த மயிலெல்லாம் யாரோட பட்டாவுல வருது?”

துண்டுக்குள்ள பேசுன வெலை

தம்பி ஓடிப்போச்சு. எனக்கு அந்த எடம் மனச விட்டுப் போகல. மயிலு கத்துறதும் இரும்ப அறுக்குறதும் ஒண்ணா. தங்கராசு சார்கிட்டச் சொன்னா, பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம் ஆகுமே, அம்புட்டுத் தூரத்துலருந்து வேலைக்கு வர்றதான்னு கேட்டாரு. பஸ்ல தூங்கிட்டே வரலாம் சார், ஸ்கூட்டியில தூங்கக் கூடாது பாருங்க, அத வித்துட்டுத்தான் போறோம்னேன். எங்க மாப்ள எலெக்ட்ரீசியன், எங்க போனாலும் கரண்டு இருந்தாச் சரின்னுட்டாரு.

ஒரு வியாழக்கெழம செல்விய டூட்டி முடிஞ்ச கையோட பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். முத்தையா அண்ணன் மொபெட்டுல முந்தியே வந்து நின்னாரு. சொல்லாமக் கொள்ளாமப் போற மூணாந்தடவ இது, அவளுக்கு மொதத் தடவ. மனையில ஒரு வேப்பமரம் நிக்குது. இடுப்ப ஒரு நிமிசம் நீட்டிக்கிறேம்மான்னு துண்ட விரிச்சுப் படுத்தா. படுத்தவ தூங்கிட்டா. மயிலு கத்துச்சு, அவ அசையல. ஆடு ஒரு மந்தை போச்சு, அசையல. வாயத் தொறந்துக்கிட்டு, சின்னப் புள்ளையில தூங்குன மாதிரி. நாங்க வந்துருக்குறது எப்படியோ காதுல விழுந்து, அப்பப் பாத்து ராமசாமி வாராரு, தூரத்துல வாரப்பவே சத்தமா வெலைய ஆரம்பிச்சிட்டாரு. நான் ஓடிப்போயி அவரு வாயப் பொத்தாத கொறை. ஒரு கையெடுத்துக் கும்புட்டு, இன்னொரு கையால மகளக் காட்டுனேன்.

பாவம், அவரு திருப்பூர்ல மகங்கிட்டப் போகணும், அன்னைக்கே பேசி முடிக்கணும்னு வந்தவரு. என்னா பண்றதுன்னு முழிச்சாரு. முத்தையா அண்ணன் தோள்ல கெடந்த துண்ட எடுத்தாரு. சந்தையில மாட்டுக்கு வெலை பேசுறது அப்படித்தான், ரெண்டு பேரும் துண்டுக்கு அடியில கையக் கோத்து வெரலப் புடிச்சே பேசுவாக, பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ராமசாமியும் மாடு வளத்தவரு, புரிஞ்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் கரிசல் மண்ணுல சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாக. துண்டுக்குள்ள கை நெளியுது. அண்ணன் எடது கையால குச்சிய எடுத்து மண்ணுல வெலைய எழுதி எனக்குக் காட்டுவாரு, நான் தலைய ஆட்டுனா அழிச்சிருவாரு. ராமசாமி கைய உருவிக்கிட்டு எந்திரிப்பாரு, செல்வியப் பாப்பாரு, திரும்ப ஒக்காருவாரு. சத்தம் போட்டுப் பேசியிருந்தா அந்த வெலைக்கு அவரு எறங்கியே இருக்க மாட்டாரு. தூங்குற புள்ளைய வச்சுக்கிட்டு எப்படிச் சண்டை போடுறது. கடைசியா அண்ணன் எழுதுனத நான் அழிக்கச் சொல்லல. மூணு பேரும் பேசாமச் சிரிச்சிக்கிட்டோம். செல்வி நாலு மணி நேரம் தூங்குனா. வெயிலு எறங்கி மொகத்துல அடிக்கவும் பதறி எந்திரிச்சு, முடிய அள்ளிச் செருகிக்கிட்டுச் சொன்னா:

“நான் முழிச்சிட்டேம்மா, இனி வெலை பேச ஆரம்பிங்க.”

குருவம்மா கையெழுத்து

முடிஞ்சிருச்சுன்னு நெனச்சீங்களா. பட்டா ராமசாமி அப்பா பேருல இருக்கு, அவருக்கு ரெண்டு வாரிசு. இவரும், இவரு தங்கச்சி குருவம்மாவும். அந்தம்மா கையெழுத்து இல்லாமப் பத்திரம் ஆகாது. தங்கச்சியா, அவ போட மாட்டான்னுட்டாரு ராமசாமி. எட்டு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லையாம். முன்பணம் வாங்குறதுக்கு முந்தி சொல்ல வேண்டாமான்னு கேட்டதுக்கு, நீங்க கேக்கலியேன்னாரு. நியாயம்தான். ஏழு வருசத் தரகு, மகளுக்குன்னதும் கேக்க வேண்டிய மொதக் கேள்விய மறந்துபோனேன். அந்த வாரம்தான் செல்வி வார்டுல ஊசி மருந்த எடுத்துட்டு நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டான்னு, மேல உள்ளவுக கூப்புட்டுச் சொல்லிட்டாக, இன்னொரு தடவ இப்படின்னா வேலைய விட்டுரும்மான்னு. நமக்கு வேற எடம் தேட நேரம் இல்ல.

பேரையூர்ப் பக்கம் குருவம்மா வீட்டுக்கு நாலு தடவ போனேன். நல்ல மனுசி. போறப்பெல்லாம் சோறு போட்டாக. கையெழுத்துன்னு வாயத் தொறந்தாத் தட்ட எடுத்துருவாக. மூணாந்தடவதான் வெசயம் வெளிய வந்துச்சு. அவுக மக வயசுக்கு வந்து சடங்கு வச்சப்ப, தாய்மாமன் சீரு வரல. மொத மால, மொதத் துணி தாய்மாமனது. கூட்டம் பூராக் காத்துக்கெடந்து கடைசியில வேற ஒருத்தரு மால போட்டாராம். இந்தப் பக்கம் ராமசாமியக் கேட்டா, அவுக நேர்ல வந்து வெத்தல பாக்கு வச்சு என்னய அழைக்கல, பக்கத்து வீட்டுக்காரன்கிட்டச் சொல்லி அனுப்புனாக, நான் எப்படிப் போறதுன்னாரு. குருவம்மா நேர்ல வராததுக்குக் காரணம், அன்னைக்கு அவுக வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில. அது ராமசாமிக்குத் தெரியாது. எட்டு வருசம் ஒருத்தரும் கேக்கலையா, யாரும் சொல்லலையான்னு கேட்டேன். ரெண்டு பேரும் தரையப் பாத்தாக, ரெண்டு ஊருல தனித்தனியா.

நான் விடல. கடையில தட்டு, பழம், வெத்தல வாங்கி ராமசாமி கையில குடுத்து, கெளம்புங்கன்னேன். கொஞ்சம் இருங்கன்னு உள்ள போயி, தகரப்பெட்டியத் தொறந்து ஒரு பொட்டலத்த எடுத்துட்டு வந்தாரு. அன்னைக்கு சடங்குக்குன்னு எடுத்து வச்ச பட்டுப் பாவாட தாவணியும் வெள்ளிக் கொலுசும். எட்டு வருசமாப் பெட்டியில கெடந்துருக்கு. குருவம்மா வீட்டு வாசல்ல போயி நின்னு பொட்டலத்த நீட்டுனாரு. அந்தப் புள்ள இப்பக் காலேசு முடிச்சு வேலைக்குப் போகுது. பொட்டலத்தப் பிரிச்சுப் பாவாடைய இடுப்புல வச்சுப் பாத்துச்சு, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழதான் வருது. மாமா, சொல்லியிருந்தா வளராம இருந்துருப்பேனேன்னு அது சிரிக்கவும், அவரு அழுதுட்டாரு. குருவம்மா அழுகல. கதவுக்குப் பின்னாடி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, என் பக்கத்துல ஒக்காந்து சொன்னாக:

“ஒங்க மனைக்குன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேங்க்கா. இந்தப் பாவாடைக்குப் போடுறேன், வாங்க போவோம்.”

தங்கராசு சார் வந்து பாத்தாரு

பத்திரம் செல்வி பேருல ஆச்சு. பட்டாவும் வந்துருச்சு. அதுல அவ பேரத் தொட்டுப் பாத்துட்டு, மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். ஒரு ரூமு, ஒரு அடுப்படி, அம்புட்டுதான் கட்ட முடிஞ்சது. சுவத்துக்குப் பூச்சு உள்ள மட்டும், வெளிய அடுத்த வருசம். சன்னல் கம்பி மட்டும் எந்தக் கிரில் பட்டறையில வாங்குனதுன்னு கேக்காதீங்க, எங்க கீழ் வீட்டுப் பட்டறையிலதான். இம்புட்டு வருசம் அந்த மனுசன் எங்களத் தூங்கவிடாம அறுத்ததுக்கு ஈடாப் பாதி வெலைக்கு வாங்கிட்டேன்.

இன்னைக்கு விடியக்காலையிலதான் சாமான் ஏத்திட்டு வந்தோம். தங்கராசு சாரும் எடம் பாக்கணும்னு மினி லாரியில முன்னாடி ஏறிக்கிட்டாரு. வந்ததும் அப்படி இப்படின்னு குத்தம் கண்டுபிடிக்கப் பாத்தாரு. கடை இல்ல, டாக்டரு இல்ல, பேப்பரு வராதுன்னாரு. பெறகு வேப்பமரத்தடியில நாக்காலியப் போட்டு ஒக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல பேச்சக் காணோம். பாத்தா, மடியில பேப்பர விரிச்சபடி மனுசன் கண்ணசந்துட்டாரு. முத்தையா அண்ணன் தொட்டு எழுப்பவும், தூங்கலன்னு சாதிச்சாரு. மொகத்தத் தொடச்சிக்கிட்டு எங்கிட்ட மெதுவாக் கேட்டாரு:

“பேச்சியம்மா, பக்கத்துல இன்னொரு அஞ்சு சென்ட்டு வருமா?”

ஒண்ணர வருசமாச் சத்தமில்லாத எடம் தேடி நாலு பக்கமும் அலஞ்சு கடைசியாக் கண்டுபிடிச்ச எடத்துல, காலையிலருந்து கேக்குற ஒரே சத்தம் என் வாயிதான்.

அந்தா, செல்வி டூட்டி முடிச்சுப் பஸ்ஸ விட்டு எறங்கி மண் ரோட்டுல நடந்து வாரா. மாப்ள, பாத்திரம் பண்டமெல்லாம் பெறகு பாத்துக்கலாம், மொத அந்தக் கட்டில உள்ள கொண்டு வாங்க. தரையில இழுக்காம, தூக்கிட்டு வாங்க.